பின்பக்கத்துக் காற்று

சத்தமாகப் பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா. வேண்டுமென்று கத்தவில்லை. மார்கழியிலிருந்து ஃபேன் சத்தத்துக்கு நடுவிலேயே கிடந்து காது இப்படி ஆகிவிட்டது. அம்மாவும் திட்டுகிறாள். "பக்கத்துல நிக்கறவகிட்ட எதுக்குடா மைக்கு செட்டு போட்டாப்பல பேசறே" என்று. குறைத்தால் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. அதுதான் சிக்கல்.

ஜன்னலோரம் இருப்பது என் அப்பா. ஆறுச்சாமி என்று பேர். தூங்கட்டும், பாவம். நீங்கள் பேப்பரை நன்றாக விரித்தே படிக்கலாம், பஸ் குலுங்கினாலும் அவருக்கு இடிக்காது, நடுவில் நான் இருக்கிறேனே. கோயமுத்தூருக்குத்தான் போகிறோம். எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு பெல்ட் வாங்க வேண்டும். காலையில் அறுந்துவிட்டது.

கோழிப் பண்ணை இல்லைங்க. பல்லடத்துப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றாலே எல்லோரும் கோழிப் பண்ணையா என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் ஷெட்டில் இருப்பது வேறு. பிட்காயின் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள் அண்ணா. ஈமு கோழி மோசடி மாதிரி இல்லை. நானும் முதல் நாளே அதைத்தான் முதலாளியிடம் கேட்டேன். யாரிடமாவது டெபாசிட் வாங்குகிறோமா, ஆள் சேர்க்கிறோமா என்று. இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீதியில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் நான். ஒரு கெட்ட பேர் வந்தால் எனக்கு மட்டும் வராது. எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்வேன், படித்துத்தான் தொடுவேன். பயந்தவன் என்று காலேஜில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

விஷயம் இதுதான். மெஷின் கணக்குப் போடும். உலகம் முழுக்க இதே மாதிரி மெஷின்கள் ஒரே கணக்கைப் போட்டி போட்டுப் போடும். யாருடைய மெஷின் முதலில் விடை சொல்கிறதோ அவர்களுக்குக் காசு. அவ்வளவுதான். சாதாரண கம்ப்யூட்டரிலேயே முன்பு செய்தார்கள், இப்போது முடியாது. இது இந்த ஒரே கணக்குக்கென்றே செய்த சிப். இதில் படம் பார்க்க முடியாது, லெட்டர் அடிக்க முடியாது. புதுசாக வந்த சாமான். செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், இஸ்திரிப் பெட்டி மாதிரி கரண்ட் குடிக்கும். குடித்த கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். துளி மிச்சம் இருக்காது. நாற்பது இஸ்திரிப் பெட்டியை ஒரே ரூமில் வரிசையாக அடுக்கி, ராத்திரி பகல் அணைக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் எங்கள் ஷெட்.

முதலாளி தேவசேனாபதி. முன்பு அந்த இடத்தில் சைசிங் மில் வைத்திருந்தார். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவி உருளையில் காய வைப்பார்களே, அது. அப்பா அங்கே பாய்லர்மேன். என்னைப் படிக்க வைத்ததே அந்த பாய்லர்தான் என்று சொல்லலாம். மில் படுத்துவிட்டது, பாய்லரை அறுத்து இரும்புக்குப் போட்டார்கள், அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு இந்த மெஷின்களை வாங்கிப் போட்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பா போய் நின்றார். "எம் பையன் இஞ்சினியருங்க மொதலாளி" என்று. எனக்கு அது தெரியவே தெரியாது. வேலை கிடைத்தது என்று அவர் வந்து சொன்ன அன்றைக்குத்தான் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் ஒன்றும் தெரியவில்லை. குளிருக்கு இதமாகக்கூட இருந்தது. மாசி கடைசியில் ஆரம்பித்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. மெஷின் நிற்கவில்லை, விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிகிறது, ஆனால் கணக்கில் காசு குறைகிறது. நோண்டி நோண்டிப் பார்த்து அப்புறம்தான் கண்டுபிடித்தேன். சூடு ஏறினால் இந்த சிப் நிற்காது அண்ணா. ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓடிக்கொண்டே தப்பான விடை சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். அதனால்தான் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்கிறேன்.

கவனிக்கிறதுக்குள் ஒன்று கருகிவிட்டது. முடி கருகின மாதிரி ஒரு வாடை. முதலாளி வாசலில் கார் நிறுத்தி இறங்கியதுமே மூக்கைச் சுளித்தார்.

"செத்துப்போச்சா?"

"போயிடுச்சுங்க."

"ஒண்ணு போனாப் போகட்டும். அடுத்தது போகறதுக்கு முந்தி நீ வந்து எங்கிட்டச் சொல்லணும் இஞ்சினியர். எம் மூக்கு வந்து எங்கிட்டச் சொல்லக்கூடாது."

திட்டவில்லை, பாருங்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. அப்போது ஒரு முடிவு எடுத்தேன். எண்பது டிகிரி. எந்த மெஷினாக இருந்தாலும் எண்பதைத் தொட்டால் அந்த நிமிஷமே அணைத்துவிடுவது, ஆறவைப்பது, தூசி ஊதி சிப்பில் தடவும் பேஸ்டை மாற்றிப் பிறகுதான் ஓட்டுவது. முதலாளி கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி. அந்த விஷயத்தில் நான் ரிஸ்க் எடுக்கவே மாட்டேன்.

அப்புறம் ஒரு வழி செய்தேன். ஷெட்டை இரண்டாகப் பிரித்தேன். மெஷின்களை நடுவில் ஒரு வரிசையாக ரேக்கில் அடுக்கி, மேலேயும் பக்கத்திலேயும் சந்து விடாமல் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டி அடைத்தேன். முதலாளி வீட்டுக் கல்யாண பேனர், மாப்பிள்ளையும் பொண்ணும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முன்பக்க ஜன்னலிலெல்லாம் சணல் சாக்கைத் தொங்கவிட்டு மேலே குழாயில் தண்ணீர் சொட்ட வைத்தேன். வெளிக்காற்று ஈரச் சாக்கு வழியாகக் குளிர்ந்து முன்பக்கம் வரும். மெஷின் அதை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். பின்பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை வெளியே தள்ளும். படித்ததை வைத்து நானே செய்தது. ஒரே நாளில் பதினோரு டிகிரி இறங்கியது அண்ணா. பதினோரு டிகிரி!

முதலாளி வந்து என் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார். "ஏசி போட்டாப்பல இருக்குதே" என்றார். அந்தச் சந்தோஷத்தில் பேனரை விலக்கிப் பின்பக்கம் தலையை நீட்டினார். நீட்டின வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"அடேயப்பா! ஆறுச்சாமி, அடுப்புக்குள்ளயா உக்காந்திருக்கறே?"

உள்ளேயிருந்து அப்பா சிரித்தார். "பாய்லர்லயே கெடந்த ஒடம்புங்க மொதலாளி. இது என்னங்க, குளிர் காயற மாதிரி."

ஆமாம், அப்பா பின்பக்கம்தான். அதைச் சொல்லவில்லையே. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் மூடிப்போன ஒரு கோழிப் பண்ணையில் வாங்கிய பழசு. பெல்ட் நழுவும். நழுவினால் சூடு வெளியே போகாது, திரும்பி வந்து அடிக்கும், ஐந்தே நிமிஷத்தில் எல்லா மெஷினும் எண்பதைத் தாண்டிவிடும். அதனால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் மாறினால் உடனே பெல்ட்டைத் தூக்கி மாட்ட வேண்டும். யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது அப்பாவே முன்னால் வந்துவிட்டார். முதலாளிக்கும் சந்தோஷம். எனக்கும்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்து அவர் ஆளே உருமாறிப் போயிருந்தார்.

இல்லைங்க, முன்பக்கம் வந்து உட்காரச் சொல்லாமல் இல்லை. சொல்லியிருக்கிறேன். இடையிடையே வந்து பத்து நிமிஷம் இருங்கப்பா என்று. வர மாட்டார். ஷெட்டுக்குள் அவர் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். முதலாளி முன்னால் என்னை உயர்த்திக் காட்டுகிறாராம். "அது உங்க ஆபீசுங்க சார். அங்க வந்து நா துண்டை ஒதறிட்டு உக்காந்தா உங்களுக்கு மருவாதி இருக்குமுங்களா" என்பார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. வீட்டுக்கு வந்துவிட்டால் பழையபடி "ஏஞ்சாமி, சாப்புட்டியா" தான்.

பின்பக்கம் எவ்வளவு சூடு என்றா? அங்கே சென்சார் வைக்கவில்லை. தேவையில்லைங்க. மெஷினுக்குள் போகிற காற்றுதான் முக்கியம். வெளியே வருவது வேலை முடிந்த காற்று. அதை அளந்து என்ன செய்ய?

பங்குனி பிறந்ததும் வேறு தலைவலி. இந்தக் கணக்கு இருக்கிறதே, அது ஒரே மாதிரி இருக்காது. உலகத்தில் மெஷின் கூடக்கூட, கணக்கும் தானாகக் கஷ்டமாகிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நேற்று ஓடின வேகத்தில் இன்றைக்கும் ஓடினால் காசு குறையும். முதலாளி வேகத்தை ஏற்றச் சொன்னார். ஏற்றினால் சூடும் ஏறும் என்று நேராகவே சொன்னேன். மறைக்கவில்லை.

"அப்ப சாக்குல இன்னும் கொஞ்சம் தண்ணி உடு. மெஷின் தாங்குமா தாங்காதா, அதை மட்டும் சொல்லு."

"மெஷின் தாங்குங்க."

அது உண்மைதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. சாக்கில் தண்ணீரைக் கூட்டினேன். ஷெட்டுக்குள் காற்றே ஈரமாகக் கையில் ஒட்டும். ஆனால் ஒன்றுகூட எண்பதைத் தொடவில்லை. இதோ பாருங்கள், போனிலேயே தெரியும். எழுபத்தெட்டு. எழுபத்தேழு. கத்திரி வெயில் உச்சியில் நிற்கிறது, எழுபத்தெட்டு.

அப்பாவுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானேதான். முகத்துக்கு நேராக வைத்துவிட்டு எப்படிப்பா இருக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "கஞ்சி போட்ட பாவு காயறாப்பல இருக்குது சாமி" என்றார். அப்படித்தான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆனாலும் நான் வாங்கிக் கொடுத்தது என்பதால் அணைக்கவே மாட்டார். நாள் பூராவும் அது அவர் முகத்துக்கு நேராகத்தான் ஓடும்.

அம்மாதான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் சட்டை துவைப்பதுதான் அவளுக்குப் பிரச்சினை. முதுகெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, ஊற வைத்தாலும் போகவில்லை என்று. அப்புறம் கெண்டைக்கால் இழுக்கிறது என்று ராத்திரி கத்துகிறாராம். இந்த வாரம் வேறு மாதிரி.

"உங்கப்பன் சட்டைல உப்பே இல்லடா லோகு."

"நல்லதுதானேம்மா. உடம்பு பழகிடுச்சு."

"சட்டை மட்டுமில்ல. ஒண்ணுக்கும் போகக் காணோம். பொழுதோட வந்தா செவுத்தப் பாத்துட்டு உக்காந்துக்கறாரு. நாம் பேசறது காதுலயே வாங்கறதில்ல."

"ஃபேன் சத்தம்மா. எனக்குந்தான் காது அடைச்சுக்குது."

"உனக்கு அடைக்குது, நீ கத்தறே. அவரு கத்தலையேடா."

அம்மா அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா ஒரு பிரஷர் பார்த்துவிட்டு வந்தால் அவளுக்கும் சமாதானம்.

இன்றைக்கா? இன்றைக்குப் பெல்ட் அறுந்ததில்தான் கொஞ்சம் அலைச்சலாகிவிட்டது. அப்பா விடவில்லை. அறுந்த பெல்ட்டைக் கம்பி போட்டுத் தைத்து மறுபடி மாட்டி ஓட்டிவிட்டார். ஆனால் அதற்குள் பின்பக்கம் சூடு கட்டிக்கொண்டுவிட்டது, வேலை முடியும்வரை அவர் அந்தச் சூட்டுக்குள்ளேயே நின்றார். நான் முன்பக்கம் மெஷினை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் போகவில்லை. எண்பத்தொன்று வரை ஒன்று போனது, அவ்வளவுதான், காப்பாற்றிவிட்டேன்.

எல்லாம் அடங்கினதும் போய்ப் பார்த்தால் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். வெறும் சுவர். என்னப்பா தேடறீங்க என்றேன்.

"வால்வக் காணோம். பிரஷர் ஏறிக் கெடக்குது, தொறந்து உடோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்லரையே அறுத்து எடுத்துப் போய் எவ்வளவு காலம் ஆகிறது! அந்த மூலையில்தான் அது இருந்தது, கை தானாகப் போயிருக்கிறது. பழகின கையில்லையா. தோளைத் தொட்டு, அப்பா, பாய்லர் இல்லைப்பா என்றேன். என்னைப் பார்த்தார்.

"ஏனுங் சார், மொதலாளி வந்துட்டாருங்களா?"

முதலாளி அங்கே இல்லை அண்ணா. யாருமே இல்லை. நானும் அவரும்தான். சிமிட்டவும் இல்லை. களைப்பில் விளையாட்டு மறந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

தைத்த பெல்ட் ரொம்ப நேரம் நிற்காது. அதனால் பாதி மெஷினை அணைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன், அதுகளும் ஆறட்டும். நான் மட்டும் வந்திருக்கலாம்தான். ஆனால் பெல்ட் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. கடைக்காரர் ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார். அப்பா கையில் பிடித்தாலே சொல்லிவிடுவார். அதோடு வெளிக்காற்று பட்டால் தெளிவாகிவிடுவார் என்றும் நினைத்தேன். ரோட்டுக்கு வரும் வழியில் வாந்தி எடுத்தார். காலையில் சாப்பிட்ட பழைய சோறு சேரவில்லை போல. பஸ்ஸில் ஏற்றும்போது கால் பின்னியது. நீங்கள் அப்போது ஏறவில்லை, காரணம்பேட்டையில்தானே ஏறினீர்கள்? அந்த கண்டக்டர், "பெருசு பகல்லயே ஏத்திட்டு வந்திருச்சா?" என்கிறார், எல்லோரும் கேட்கிற மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு! எங்கப்பா வாழ்க்கையில் தொட்டதில்லைங்க என்று நானும் சத்தமாகவே சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். படித்தவன் என்று தெரிந்தால் இப்படிப் பேசுவார்களா சொல்லுங்கள்.

என்ன அண்ணா? ஏன் எட்டிப் பார்க்கிறீர்கள்?

காய்ச்சலா? இருக்காதுங்க. வெயில் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அதனால் நெற்றி சுடும். நான் இந்தப் பக்கம் உட்காருங்கள் என்றுதான் சொன்னேன், ஜன்னலோரம் காற்று வருமே என்று அப்புறம் விட்டுவிட்டேன். பாருங்கள், வேர்க்கக்கூட இல்லை. காய்ச்சலாக இருந்தால் வேர்க்காதா? கை காய்ந்துதான் இருக்கிறது. ஆமாம், சுடுகிறது. நன்றாகவே சுடுகிறது. ஆனால் காய்ந்துதான்…

சூலூரில் இறங்கவா? இல்லைங்க, சூலூரில் வேண்டாம். பெல்ட் கடை மூன்று மணிக்கு மேல் இருக்குமோ என்னவோ. தைத்த பெல்ட் அறுந்தால் அங்கே யாரும் இல்லை. ஆஸ்பத்திரி எதற்குங்க, ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு…

அண்ணா, தண்ணியை எதுக்கு அவர் மேல ஊத்தறீங்க? சட்டையெல்லாம் நனையுது. தலையிலயும் ஊத்தணுமா? ஊத்தறேன். பட்டனைக் கழட்டறேன். சரி, சரிங்க. கண்டக்டரைக் கூப்பிடாதீங்க, மறுபடி ஏதாவது சொல்லுவாரு. கூப்பிட்டுட்டீங்களா? சரி. கத்துங்க. நானும் கத்தறேன்.

மயக்கம் இல்லைங்க. தூக்கந்தான். பஸ்ஸுல ஏறினதுல இருந்து முழிச்சுட்டுத்தான் வந்தாரு, கண்ணை மட்டும் மூடிட்டு. எம்பேச்சு பூராவும் கேட்டுட்டுத்தான் வந்தாரு. நீங்க ஏர்றதுக்கு முந்தியும் நான் பேசிட்டேதானே வந்தேன். பெல்ட் ரெண்டா வாங்கிக்கலாமாப்பான்னு கேட்டேன், தலையாட்டினாரு. வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் படுத்துக்கலாம்பான்னேன், அதுக்கும் ஆட்டினாரு. எது கேட்டாலும் ஆட்டினாருங்க. சத்தியமா.

அப்பா. அப்பா, நான் லோகு. இறங்கணும், எந்திரிங்க.

பஸ் நின்னுடுச்சுங்களே அண்ணா. இப்பவும் கேக்கறேன், ஏன் தலையாட்ட மாட்டேங்கறாரு?